நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு

அலுவலகத்தில் அவனுக்கு ஓசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மருந்து அட்டைப்பெட்டிகளை வடிவமைக்கும் அந்த நிறுவனத்தில் பதினோரு டிசைனர்கள். பத்துப் பேர் நிறுவனம் வாங்கித் தந்த மென்பொருளில் வரைந்தார்கள். இவன் மட்டும் ஓப்பன் சோர்ஸில், அதாவது உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று விட்டிருந்த மென்பொருளில் வரைந்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. யாருடைய கணினியாவது உறைந்து நின்றால் போதும், நாற்காலிக்குப் பின்னால் அனுதாபத்தோடு ஒரு முகம் வந்து நிற்கும்.

"நான் ஒன்னும் சொல்லலையே," என்பான்.

"சொல்லாத ஓசி. தயவுசெஞ்சு சொல்லாத."

வேலையில் கெட்டிக்காரன். மாத்திரைப் பெட்டி எந்த இடத்தில் மடிய வேண்டும், கண் தெரியாதவர் தடவிப் படிக்கும் புள்ளிகள் எங்கே வந்தால் ஒட்டும் பசையில் அமுங்காது என்பதெல்லாம் அவன் விரல் நுனியில் இருந்தது. ஆனால் உயிர் இருந்தது வேறிடத்தில். வீட்டில் ஆறடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அதில் இரண்டு சிந்தசைசர்கள், பற்றவைக்கும் கருவி, பிரித்துப் போட்ட ரேடியோக்கள், கையளவே உள்ள நான்கு சின்னக் கணினிகள், எதற்கு என்று அவனுக்கே மறந்துபோன ஒயர்கள் ஒரு வாளி நிறைய. அங்கே உட்கார்ந்து பதினோரு வருடங்களில் நூற்று நாற்பத்திரண்டு எலக்ட்ரானிக் இசைத் துண்டுகள் செய்து இணையத்தில் போட்டிருந்தான். அதிகமாகக் கேட்கப்பட்ட துண்டை முப்பத்தோரு முறை கேட்டிருந்தார்கள். அதில் இருபது அவனேதான் என்பது மனைவியின் கணிப்பு.

மனைவிக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் அளவாகப் பல் செய்து, சாணைச் சக்கரத்தில் ராவி, மெருகேற்றி அனுப்புவாள்.

"நாள் முழுக்கப் பல்லு ராவுற சத்தத்துலதான் இருக்கேன். வீட்டுக்கு வந்தா நீ வேற ராவாத," என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இசை ஹெட்போனுக்குள் போனது. ஒயர் எதுவும் அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். இரண்டுக்கும் அவன் கட்டுப்பட்டிருந்தான்.

சட்டத்தை உடைத்தது மாமனாரின் வரவு.

மாமனார் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தவர். சங்கிலியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு வரப்பிலும் பாறையிலும் நடந்த கால்கள். ஓய்வு பெற்ற பிறகும் கடைக்குப் போனால், "போக நானூத்திப் பத்து, வர நானூத்திப் பதினாறு. வரும்போது பை கனம்," என்று அடிக்கணக்கு சொல்வார். அப்படிப்பட்டவருக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கட்டைவிரல் ஆடியது. பிறகு கையெழுத்து எறும்பளவுக்குச் சுருங்கியது. கடைசியில் கால். தனியாக இருந்த ஊரில் ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்து மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறார். அன்றே போய் மகள் கூட்டிவந்துவிட்டாள்.

வீட்டில் இன்னொரு அறை என்று இருந்தது அந்த ஆறுக்குப் பத்துதான். ஓசி அன்றே காலி செய்து கொடுத்தான். சிந்தசைசர்கள் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. ஒயர் வாளி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போனது. மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தவனிடம் என்ன சொல்ல முடியும்?

சொல்ல மாமனார் இருந்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மருமகன் தலையை ஆட்டுவதைச் சாய்வு நாற்காலியிலிருந்து நான்கு நாள் கவனித்தார். ஐந்தாம் நாள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன மாப்ள, மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு?"

"எலக்ட்ரானிக் மாமா."

"அரைச்சு முடிச்சதும் நின்னுருமா?"

"ஏழு நிமிஷம் மாமா. கடைசில ஒரு மாற்றம் வரும், அதுதான் முக்கியம்."

"ஏழு நிமிஷத்துல நான் ஒரு ஏக்கர் அளந்துருவேன்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய நடையில் ஒரு விசித்திரம் இருந்தது. திறந்த வெளியில் ஓரளவு நடப்பார். வாசல் வந்தால் நின்றுவிடுவார். கதவுச் சட்டத்துக்கு நேரே வந்ததும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. "தரை பிடிச்சுக்கிச்சு," என்பார். வாரத்துக்கு இரண்டு முறை வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா, எண்ணிக்கொண்டே அடி வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் அடியை எண்ணியவருக்கு அது அவமானமாக இருந்தது. எண்ண மாட்டார். யாரையும் கூப்பிடவும் மாட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னமோ யோசிப்பவர்போல நிற்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை நின்றுகொண்டிருந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சோபாக் கால் ஏறி ஹெட்போன் ஒயர் அறுந்துபோயிருந்ததால், ஆள் இல்லாத தைரியத்தில் ஓசி ஸ்பீக்கரிலேயே போட்டான். முதுகு கதவுப் பக்கம். அடித்தளமாக ஒரு தாளம், தும், தும், தும், தும் என்று, நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. அதற்குமேல் என்ன சேர்க்கலாம் என்று திருகிக்கொண்டிருந்தவன், மாமனார் தன்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனதைப் பார்த்தான். ஒட்டிக்கொண்டிருந்த கால் அறை வாசலிலிருந்து கிளம்பியிருந்தது, சமையலறை வாசலிலும் நிற்கவில்லை. அதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. சத்தத்தைச் சரிசெய்ய நிறுத்தினான்.

மாமனார் கூடத்தின் நடுவில் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றார். டம்ளர் ஆடி, தண்ணீர் விரல்மேல் வழிந்தது.

"என்ன மாமா, ஏதாவது வேணுமா?"

"அந்தச் சனியனைத் திரும்பப் போடுங்க."

"எதை?"

"இப்ப ஓடுச்சே, தும்மு தும்முன்னு. போடுங்க."

போட்டான். மாமனார் நடந்தார். அறை வாசலைத் தாண்டினார், கட்டிலில் உட்கார்ந்தார், தண்ணீரைக் குடித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தற்செயலா இருக்கும்," என்றார் மாமனார். "ஒரு தடவை அளந்து எவனும் கல்லு நட மாட்டான். பேனா எடுங்க."

மதியம் இரண்டு மணிக்கு மகள் வீடு திரும்பியபோது, கணவன் லுங்கியோடு சிந்தசைசர் முன்னாலும், அப்பா சட்டையெல்லாம் வியர்வையாக வாசற்படியிலும் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் கணக்கு இருந்தது. தாளத்தோடு இருபது முறை, பத்தொன்பது முறை தாண்டினார். தாளம் இல்லாமல் இருபது முறை, தாண்டியது ஆறு.

"இந்த ஒன்னு ஏன் தப்புச்சு?" என்று கேட்டாள் மகள்.

"அப்ப மாப்ளைக்குத் தும்மல் வந்துருச்சும்மா. எது தாளம்னு கால் குழம்பிருச்சு."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. அப்பா நிற்காமல் ஒரு வாசலைத் தாண்டி அவள் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா ஆச்சரியப்படவில்லை. "இது தெரிஞ்ச விஷயம்தான். உள்ளே இருக்கிற தாளம் தடுமாறும்போது, வெளிய இருந்து ஒன்னு கொடுத்தா கால் அதைப் பிடிச்சுக்கும். எல்லாருக்கும் ஆகாது. இவருக்கு ஆகுது. போன்ல டிக் டிக்னு ஒரு செயலி இருக்கே, அது போதும்."

போனில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தகராறு வந்தது. நடுங்கும் விரலுக்குத் தொடுதிரை சரிப்படவில்லை. வேகத்தைக் கூட்டப் போனால் போன் யாருக்கோ அழைத்தது. இன்னொன்று, அந்த டிக் டிக் அவருக்குப் பிடிக்கவில்லை. "கடிகாரக் கடைக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு. தும்முங்கிறதுதான் காலுக்குப் போகுது. இது பல்லுக்குப் போகுது."

ஓசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பத்து நாளில் ஒரு பெட்டி செய்தான். உள்ளே சின்னக் கணினி ஒன்று, பேட்டரி, தாளம் போட ஓப்பன் சோர்ஸ் இசை மென்பொருள். வெளியே பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பெரிய திருகு. அதைப் பிடித்து எவ்வளவு நடுங்கினாலும் ஒன்றும் கெடாது. இடப்பக்கம் திருப்பினால் நிதானம், வலப்பக்கம் வேகம். கூடு மட்டும் அவன் தொழில். அலுவலகத்தில் மாதிரிப் பெட்டி வெட்டும் இயந்திரத்தில் தடித்த அட்டையை வெட்டி, பசையே இல்லாமல் மடித்து, மூலைகளை நெஞ்சில் குத்தாதபடி மழுக்கியிருந்தான். கழுத்தில் தொங்கவிட நாடா. வீதியில் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரே காதுக்கு மட்டும் ஒலி. அதற்கு என்னென்னவோ பெயர் யோசித்து வைத்திருந்தான். மாமனார் சனியன் என்றே கூப்பிட்டார், அதுவே நிலைத்தது.

கூட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இசையில்தான் அவனுக்கு அடி விழுந்தது. பதினோரு வருட ஆசையையும் அதில் கொட்டியிருந்தான். தாளத்துக்கு மேல் மிதந்து வரும் ஒரு நீண்ட ஒலி, எதிரொலிகள், எட்டு சுற்றுக்கு ஒருமுறை எழும்பி அடங்கும் அலை. அலுவலகம் விட்டு வந்ததும் ஆறிலிருந்து ஏழு வரை சோதனை ஓட்டம். மாமனார் கூடத்தில் நடப்பார், அவன் ஓரமாகக் குறிப்பெடுப்பான்.

"நாலாவது அடியில யாரோ பின்னால இருமுறாங்க மாப்ள."

"அது எதிரொலி மாமா. ஒரு ஆழம் வரணும்னு போட்டேன்."

"யாரா இருந்தாலும் இரும வேண்டாம்னு சொல்லுங்க."

எடுத்தான். மறுநாள், "ரெண்டு பேர் நடக்கிற மாதிரி இருக்கு. நான் எவன் பின்னால போறது?" அதையும் எடுத்தான். அலை எழும்பும்போது கால் தடுமாறியது, அலை போயிற்று. மிதக்கும் ஒலி தூக்கம் வரவைத்தது, அதுவும் போயிற்று. இரண்டாம் வாரக் கடைசியில் மிஞ்சியது தும் என்ற ஒன்றும், நான்குக்கு ஒருமுறை ஒரு சின்னத் தட்டலும்தான்.

அன்று படுக்கையில் மனைவியிடம் சொன்னான்: "அதுல என்னோடதுன்னு ஒன்னுமே இல்ல இப்போ."

"தட்டல் இருக்கே."

"தட்டல் யாரு வேணா போடலாம்."

"யாரும் போடலையே," என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு, "உன் பாட்டை இவ்வளவு உன்னிப்பா யார் கேட்டிருக்கா சொல்லு? நான்கூட இல்ல."

அது உண்மை. நூற்று நாற்பத்திரண்டு துண்டுகளைத் தலையாட்டிக் கேட்டவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. இந்த ஒருவர் காலால் கேட்கிறார். தட்டல் ஒரு நூலிழை தாமதமாக விழுந்தால்கூட அவர் குதிகால் சொல்லிவிடுகிறது. மறுநாள் அந்தத் தட்டலை மட்டும் நாற்பது விதமாகச் செய்து பார்த்தான். மரத்தில் தட்டியது, அட்டையில் தட்டியது, நாக்கைச் சொடுக்கியது. அட்டைதான் வென்றது. அவன் தினமும் கையாளும் மாத்திரைப் பெட்டி அட்டையை மேசை விளிம்பில் தட்டிப் பதிவு செய்த ஒலி.

ஆறு வாரத்தில் மாமனார் வெளியே போக ஆரம்பித்தார். முதலில் மகள் கூடப் போனாள். பிறகு பத்தடி பின்னால் போனாள். பிறகு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பெரிய சாலையைக் கடந்தால் ஒரு பத்திரிகைக் கடை. வீட்டுக்கு வரும் செய்தித்தாளையே அங்கே போய் இன்னொன்று வாங்கிவருவார். இரண்டு செய்தித்தாள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஓசி மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்தான். புதிதாக எது வந்தாலும் அவனுக்குக் கை பரபரக்கும். திரையின் நிறங்கள் மாறியிருக்கிறதாம், பொத்தான்கள் அழகாக இருக்கிறதாம். சட்டென்று பெட்டியில் ஏற்றினான். தும் தும் என்று இரண்டு நிமிடம் கேட்டான், சரியாக இருந்தது. மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு மனைவியின் அழைப்பு வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வா," என்றாள்.

சாலை நடுவில் தாளம் நின்றுபோயிருந்தது. மாமனார் கடக்கும் கோட்டில் பாதி தூரத்தில் தரை பிடித்து நின்றிருக்கிறார். விளக்கு மாறியது, வண்டிகள் ஒலியெழுப்பின. ஒரு பேருந்து ஓட்டுநர் நிலைமை புரிந்து அசையாமல் காத்திருக்கிறார். கூரியர்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, நல்ல எண்ணத்தில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். உடம்பு வந்தது, கால் வரவில்லை. விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. முட்டி இரண்டும் சிராய்ப்பு.

ஓசி போனபோது மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு முன்னால் அவனை எப்போதும் 'நீங்க' என்றே அழைக்கும் மனைவி, அப்பாவுக்கு முன்னாலேயே கேட்டாள்:

"நீ அதைத் தொட்டியா?"

"புதுப் பதிப்பு வந்திருந்துச்சு. காலையில…"

"என்ன புதுசு அதுல?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "கலர் மாத்திருந்தாங்க. பட்டன்லாம்."

"அந்தப் பெட்டிக்குத் திரையே கிடையாதே," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் வைத்தான். சிந்தசைசர்களின் ஒயர்களைப் பிடுங்கி, துணி போட்டு மூடினான். அலுவலகத்தில் ஒருவருடைய கணினி உறைந்தபோது எழுந்து போகவில்லை. "ஓசி, உடம்பு சரியில்லையா?" என்று அவர்களே வந்து கேட்டார்கள். தவறு என்ன என்று கண்டுபிடிக்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. சாலை நடுவில் அவர் நின்ற காட்சியை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் பல் துலக்கும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் அது வந்து வந்து போயிற்று.

மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேச ஆரம்பித்தாள், உப்பு வாங்கணும், கரண்ட் ஆள் வருவார் என்கிற அளவில்.

மாமனார் இரண்டு வாரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து பார்த்து மகளிடம் தனியாகச் சொன்னார்: "கை கட்டு ஆறிடும். கால் இப்படியே சும்மா இருந்தா திரும்பாது." அவள் தலையை ஆட்டினாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள், போர்வையைத் தொட்டாள், மூடிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமனார் கேட்டார்:

"மாப்ள, அன்னைக்கு அது ஏன் நின்னுச்சு?"

ஓசி தலை குனிந்தான். "தெரியல மாமா. என் தப்புதான்."

"தப்பு யாரோடதுன்னு கேக்கல. ஏன் நின்னுச்சு? முந்தின நாள் வரைக்கும் ஓடுச்சு. நடுவுல ஏதோ மாறிருக்கு. எதை மாத்துனான், எப்ப மாத்துனான்னு எங்கேயும் எழுதியிருக்காதா?"

"எழுதியிருக்கும். எல்லாமே எழுதியிருக்கும் மாமா. ஒவ்வொரு வரியும் யார் மாத்துனா, என்னைக்கு, எதுக்குன்னு பொதுவுல இருக்கும். யாரு வேணா பாக்கலாம்."

மாமனார் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு வேணாவா?"

"ஆமா."

"அழிக்க முடியுமா?"

"பழசை அழிக்க மாட்டாங்க. தப்புன்னா, தப்புன்னு புதுசா ஒரு வரி எழுதி மாத்துவாங்க."

"முப்பத்து நாலு வருஷம் இப்படி ஒரு பதிவேட்டுக்குத்தான் ஏங்கினேன்," என்றார் மாமனார். "எங்க ஆபீஸ்ல ஒரு கல்லு நகர்ந்தா, ராத்திரி பன்னி தள்ளிருச்சுன்னு எழுதுவாங்க. எடுங்க அதை. வாசிங்க."

மடிக்கணினியைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாற்றமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனான். நிறம் மாற்றியது, எழுத்துப்பிழை திருத்தியது, கோப்பின் பெயரை மாற்றியது. மாமனார் ஒவ்வொன்றுக்கும், "அதனால நிக்காது. அடுத்தது," என்றார். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கும் சத்தம் நின்றது. கத்தியோடு வந்து வாசலில் நின்று கேட்டாள்.

நாற்பத்து மூன்றாவது வரி: பத்து நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடவில்லை என்றால், பேட்டரியைச் சேமிக்க ஒலி தானாக நின்றுவிடும்.

"நிறுத்துங்க," என்றார் மாமனார். "வீட்டுல இருந்து சாலை நடுவுக்கு எனக்குப் பத்து நிமிஷம். இதுதான்."

இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சரி என்று வைத்தது ஓசியின் நெஞ்சில் குத்தியது.

"இவன் யாரு?" என்று திரையில் இருந்த பெயரைக் காட்டினார்.

"எங்கேயோ இருக்கிற ஒருத்தர் மாமா. சும்மா, ஆசைக்குச் செய்றவர்."

"உங்களை மாதிரியா?"

"என்னை மாதிரிதான்."

"அப்ப எழுதுங்க அவனுக்கு. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்தான். அரசாங்கக் கடிதம் தோற்றது. 'ஐயா, தாங்கள் செய்த நாற்பத்து மூன்றாவது மாற்றத்தின் விளைவாக, மேற்படி மனுதாரர் இரண்டு வாரங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை முற்பகல், சாலையின் வடக்கு ஓரத்திலிருந்து இருபத்தோரு அடி தொலைவில் நின்றுபோனார். தங்கள் நோக்கம் பேட்டரி சேமிப்பு என்பது தெரிகிறது. மனுதாரரின் எலும்பு சேமிப்பும் கருதப்பட வேண்டும்.'

"அப்பா, கொஞ்சம் மரியாதையா," என்றாள் மகள்.

"மரியாதையாதான் இருக்கு. ஐயான்னுதானே போட்டேன்."

ஓசி அதை மொழிபெயர்த்து, பெட்டி என்ன, யார் நடக்கிறார், எதற்கு என்று நான்கு வரி சேர்த்து அனுப்பினான். மறுநாள் மாலை பதில் வந்திருந்தது. எழுதியவர் பலமுறை மன்னிப்புக் கேட்டிருந்தார். தன் மென்பொருளை வைத்து ஒருவர் நடப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். யாராவது வேண்டும் என்று கேட்டால் மட்டுமே ஒலி அப்படித் தானாக நிற்கும்படி மாற்றிவிட்டேன், கை எப்படி இருக்கிறது, வலிக்கிறதா என்று கேட்டிருந்தார். திருத்தத்துக்கான வரியில், 'சுட்டிக்காட்டியவர்: ஓய்வுபெற்ற சர்வேயர்' என்று போட்டிருந்தார்.

மாமனார் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கை பரவாயில்லன்னு எழுதுங்க. பயந்திருப்பான்," என்றார்.

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தது மனைவி. மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு நிபந்தனை," என்றாள். "இனிமே எதைப் புதுசா ஏத்தினாலும், முதல்ல நீ கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரு வாரம் நட. ஆபீசுக்குப் போக, வர. அப்புறம்தான் அப்பாவுக்கு."

ஓசி இரண்டாவதாக ஒரு பெட்டி செய்தான். காலையும் மாலையும் அதை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் நடந்தான். தன் சொந்தத் தாளத்துக்கு அடி வைத்து நடப்பது முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பழகிவிட்டது. அலுவலகத்தில் கழுத்துப் பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னான், இந்த முறை ஐந்தே வாக்கியத்தில். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, "என் அத்தைக்கும் இப்படித்தான். அந்த வரைபடத்தைக் குடு ஓசி," என்றார். அவன் கூடு வெட்டும் வரைபடம், பாகங்களின் பட்டியல், அட்டைத் தட்டல் எல்லாவற்றையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தான்.

மாவுக்கட்டு பிரித்த ஒன்பதாம் நாள் மாமனார் மறுபடி சாலையைக் கடந்தார். மகள் இந்தப் பக்கம் நின்றாள், ஓசி அந்தப் பக்கம் நின்றான். அவர் இருவரையும் கண்டுகொள்ளாமல் நடந்து, கடையில் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் எதுக்கு வேலை மெனக்கெட்டு?" என்றார்.

நோய் நின்றுவிடவில்லை. மாத்திரை கூடியது. சில நாள் தாளமும் எடுபடவில்லை, அன்றைக்கெல்லாம் நாற்காலிதான். ஆனால் முக்கால்வாசி நாட்கள் நடந்தார். மாலையில் மருமகனோடு உட்கார்ந்து, புதிதாக வந்த மாற்றங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கமானது. எது காலுக்கு ஆபத்து, எது வெறும் அலங்காரம் என்று அவர் பிரித்துச் சொல்வார். ஓசி மறுபடி ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் ஏழு நிமிடத் துண்டுகளைச் செய்தான். அவற்றில் எதிரொலிகள் தாராளமாக இருந்தன.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பெண் எழுதியிருந்தாள். தன் அம்மாவுக்கு இதே நோய், பெட்டி செய்து கொடுத்தேன், ஆனால் அம்மாவுக்குத் தொண்ணூற்றாறு அதிக வேகம், இன்னும் நிதானமாக வேண்டும், உங்கள் தட்டல் அதற்குப் பொருந்தவில்லை என்றாள். ஓசி எழுபதுக்கு இறக்கி, தட்டலை நீட்டி, ஒரு மாதிரி தயார் செய்தான். அனுப்பப் போனான்.

"இருங்க," என்றார் மாமனார். "நடந்து பாக்காம அனுப்பாதீங்க."

அவர் எழுந்தார், பெட்டியை மாட்டிக்கொண்டார். கூடத்தில் சமையலறை வாசல் வரை போய்த் திரும்பினார். முகத்தைச் சுளித்தார்.

"இது துக்க வீட்டுக்குப் போற நடை மாப்ள. அந்த அம்மா பாவம். நிதானமா இருக்கட்டும், ஆனா உயிரோட இருக்கட்டும். ஒரு நாலு ஏத்துங்க."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஆறு ஏத்து. அப்பா பொம்பளைங்க நடையைக் கம்மியாத்தான் கணக்குப் போடுவார்."

ஓசி ஐந்து ஏற்றி, திருகை எழுபத்தைந்தில் வைத்தான். மாமனார் மறுபடி வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.